பாலைவனத்தின் மேல் ஏன் பழி?

சித்திரை பிறந்துவிட்டால் போதும், சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவரிலிருந்து மண்டி முதலாளி வரை ஒரே பேச்சு: "ஊரே பாலைவனமாப் போச்சுங்க." மேட்டூர்த் தண்ணீர் இரண்டு நாள் தவறினாலும் இதே பாட்டுத்தான். வெயிலும் மணலும் சேர்ந்தால் பாலைவனம், அது செத்த நிலம், நல்ல மண்ணுக்கு வருகிற நோய் என்றுதான் நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். முழுத் தப்பு.

வெயிலையே எடுத்துக்கொள்வோம். உலகின் மிகப் பெரிய பாலைவனம் பனி மூடிய அண்டார்க்டிகா. கோபிப் பாலைவனத்தில் குளிர்காலத்தில் பனி விழும். தென்னமெரிக்காவின் அடகாமா கடலை ஒட்டியே கிடக்கிறது. கரையோரம் ஓடும் குளிர்ந்த நீரோட்டம் மேகத்தை மழையாக விடுவதில்லை. சகாராவில்கூட மணல் ஏறக்குறைய கால்பங்குதான், மீதி பாறையும் சரளையும். பாலைவனத்துக்குப் பொதுவாகச் சொல்லும் இலக்கணம் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைந்த மழை. சேலத்தில் பெய்வது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பைசா பிசகாமல் கணக்குப் பார்க்கிற பேட்டையில் இந்தக் கணக்கு மட்டும் எப்படி உதைக்கிறதோ!

முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரமே சொல்கிறதே என்பார்கள். அது நம்மூர்க் கோடைக்குச் சொன்னது, நல்ல மழை ஒன்று பெய்தால் தெளிந்துவிடும். ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேரை அதில் அடக்க முடியாது.

அங்கே 200 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது. அந்த மழையை நம்பித்தான் பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 'கடீன்' அமைத்தார்கள். பாறைச் சரிவில் ஓடிவரும் நீரைப் பள்ளத்தில் நீளமான மண்கரை போட்டு நிறுத்துவது. நீர் சுவறியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பது. அவ்வளவுதான், மோட்டார் இல்லை, போர்வெல் இல்லை. அந்தப் பக்கத்து மக்கள் கும்பிடும் கேஜ்ரி மரம் வேறு எதுவுமில்லை, நம் சிவன் கோயில்களில் நிற்கிற வன்னிதான். அதை வெட்டவிடாமல் 1730இல் கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். செத்த நிலத்து மரத்துக்கா இத்தனை பேர் செத்தார்கள்?

சகாராவின் புழுதியும் சும்மா பறப்பதில்லை. காற்றேறி அட்லாண்டிக்கைத் தாண்டி, ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸை அமேசான் காட்டில் கொண்டுபோய்ப் போடுகிறது. அந்தப் பச்சைக்கு உரம் போகிற இடங்களில் இந்த 'நோய்' பிடித்த மண்ணும் ஒன்று.

நம் கதைக்கு வருவோம். சேலத்துக்குக் குடிநீர் கொடுக்க 1911இல் உருவானது பனமரத்துப்பட்டி ஏரி, 2,000 ஏக்கருக்கும் மேல். மேட்டூர்த் தண்ணீர் வந்தது, ஏரியை ஊர் மறந்தது. பல ஆண்டுகளாக அதில் மண்டியது சீமைக்கருவேலம், வன்னிக்கு ஒருவகையில் பங்காளி முறை. எட்டி நின்று பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருக்கும். பச்சையாக இருந்ததாலோ என்னவோ, அதை ஒருவரும் பாலைவனம் என்று சொன்னதில்லை. ஏற்காட்டு மலைப்பக்கம் தெளிவாகப் புறப்படுகிற திருமணிமுத்தாறு ஊருக்குள் வந்து சாக்கடையானது. அதற்கும் வெயிலா காரணம்?

பெய்த மழையைச் சாக்கடையில் விட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்து, கடைக்கு வந்து உட்கார்ந்து 'பாலைவனம்' என்கிறோம். ஜெய்சல்மேர்க்காரர் காதில் விழுந்தால் சண்டைக்கு வந்துவிடுவார்.