புள்ளி ஓட, கோடு வளரும்
திருத்தணி வாசல்களில் விடிகாலையில் விழும் சிக்குக் கோலம், ஆந்திர எல்லையைத் தாண்டினால் ‘முக்கு’ என்று பெயர் பெறும். புள்ளிகளைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிற அந்தக் கோடு கணிதம்தான். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதிவிட்டார்கள். இதுபோன்ற பின்னலைத் திரையில் காண, பள்ளிக் கணினியில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்து பாருங்கள், இலவசம்தான். ஒரு புள்ளியின் கிடைத்திசை நிலைக்குக் கோணத்தின் 3 மடங்கின் சைன், செங்குத்து நிலைக்கு 4 மடங்கின் சைன். புள்ளியின் தடத்தை இயக்கிவிட்டு, கோணத்தின் ஸ்லைடரை நகர்த்தினால் புள்ளி ஓடி, பின்னிப் பின்னி ஒரு லிசாஜூ வளைவை வரைந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். சைன் அட்டவணையை மனப்பாடம் செய்யவைக்கும் முன்னால் இதைக் காட்டியே ஆக வேண்டும். அம்மாவின் விரல் செய்வதைத் திரையில் கண்ட பிள்ளை, 3-ஐ 5 ஆக்கினால் என்ன ஆகும் என்று தானே கேட்கும்.