ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி: பணிமனைக்கு மாற வேண்டிய பாடம்

பொறியியல் மாணவர்கள் பலர் ஆங்கிலத் தேர்வில் எளிதில் தேர்ச்சி பெறுகின்றனர். ஆனால், வளாக நேர்காணலில் தாங்கள் செய்த திட்டப்பணியை விளக்கத் தடுமாறுகின்றனர். குறை அறிவில் இல்லை. பேசிப் பழகும் வாய்ப்பில்தான் உள்ளது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏஐசிடிஇ) 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், ஆங்கிலத்துக்கு வாரம் 2 மணி நேர விரிவுரையுடன் 2 மணி நேரச் செய்முறைப் பயிற்சியையும் ஒதுக்கியது. எனினும், இப்பாடம் ஒரே பருவத்தில் முடிந்துவிடுகிறது. மேலும், 60 பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்கொருவராகப் பேசினால், ஒரு மணி நேரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 1 நிமிடமே.

இதற்கான தீர்வு பணிமனையிலேயே உள்ளது. கடைசல் இயந்திரத்தை இயக்கும் மாணவர், ஒவ்வொரு படியையும் உடன் பயில்பவருக்கு ஆங்கிலத்தில் சொல்லலாம். மின்சுற்றில் பழுதைக் கண்டறிந்தவர் அதன் காரணத்தை விளக்கலாம். இருவர் இருவராகப் பயின்றால், ஒரே நேரத்தில் 30 பேர் பேச முடியும். கருவி கண்முன் இருப்பதால் சொல் பொருளோடு மனத்தில் பதியும், கூச்சமும் குறையும்.

கருத்தைத் தாய்மொழியில் புரிந்துகொள்வதற்கு இது தடையாகிவிடக் கூடாது. புரிந்த பின்னரே ஆங்கிலத்தில் விளக்கச் சொல்ல வேண்டும். பிழைகளுக்காகப் பாட மதிப்பெண்ணைக் குறைக்கலாகாது.

வசதி உள்ளவர்கள் தனியார் பயிற்சி மையங்களை நாடுகின்றனர். தாய்மொழி வழியில் பயின்று வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கோ கல்லூரி மட்டுமே களம். அங்கும் பேச வாய்ப்பில்லையெனில், அவரது திறமை நேர்காணல் அறையில் வெளிப்படாமலேயே போகும்.