நந்தினியைக் கல்வெட்டில் தேடுபவர்கள்

பொன்னியின் செல்வன் படித்து முடித்த பலரும் கேட்கும் கேள்வி: ஆதித்த கரிகாலனை நிஜத்தில் கொன்றது யார்? 2022-இல் படம் வந்ததும் இந்தச் சண்டை மறுபடி சூடு பிடித்தது. நந்தினியை வரலாற்றுப் பாத்திரமாகவே நினைத்து வாதாடியவர்களும் உண்டு. அவள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கல்கியின் கற்பனை.

கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். தொடர்கதைக்காரருக்கு ஒரு வேலை உண்டு. வாசகர் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு நந்தினி வேண்டும், சுரங்கப்பாதை வேண்டும், கொன்றது யார் என்பது கடைசிவரை பளிச்சென்று தெரியாமலும் இருக்க வேண்டும். இதில் கல்கியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாவல் என்றுதானே எழுதினார்?

"சரி, நாவலை விடுங்கள், கல்வெட்டு பொய் சொல்லாது" என்று கிளம்புகிறவர்கள்தான் அடுத்த ரகம். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டைக் காட்டுவார்கள். இராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று கொலைத் துரோகிகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அது எதற்காக வெட்டப்பட்டது? துரோகிகள், அவர்களின் உறவினர்களின் நிலம் கைமாறியதைப் பதிவு செய்ய. அதாவது அது பத்திரம், போலீஸ் விசாரணை அறிக்கை அல்ல. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பதெல்லாம் நிலம் வாங்குகிறவனுக்கு எதற்கு?

இந்த மௌனத்தைத்தான் சிலர் சாட்சியாக்கி உத்தம சோழன் தலையில் பழியைப் போடுகிறார்கள். நீலகண்ட சாஸ்திரியே அவனைச் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பெரிய அறிஞர்களே மோதிய இடத்தில் நாம் இரண்டு வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்!

திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னொரு வகை. மக்கள் வற்புறுத்தியும் அருள்மொழி அரியணையை உத்தமனுக்கு விட்டுக்கொடுத்தான் என்கிறது. எழுதப்பட்டது அருள்மொழியின் மகன் ராஜேந்திரன் காலத்தில். மகனின் அவையில் இருந்த புலவர் "உன் அப்பாவை ஒதுக்கிவிட்டார்கள்" என்றா பாடுவார்? விட்டுக்கொடுத்தது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் புகழ்ச்சிப் பாட்டை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. கல்கியின் கிளைமாக்ஸ் தியாகம் இதிலிருந்து முளைத்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை. உத்தமன்மீது பழி விழாமலிருக்க கல்கி குழந்தை மாறாட்டம் வைத்து, பூக்கட்டும் சேந்தன் அமுதனையே உத்தம சோழன் ஆக்கிவிட்டார். நந்தினியை நம்புகிறவர்கள்கூட இதை மட்டும் "சும்மா கதைப்பா" என்று சொல்லிவிடுகிறார்கள்!