ஒளியைக் காணும் மை

அச்சு மை எழுத்தைக் காட்டும் என்றே நாம் அறிந்திருந்தோம். ஒளி பட்டதும் மின்னோட்டம் எழுப்பும் மையும் இன்று உண்டு! சிலிக்கன் கருவிகளை ஆக்க ஆயிரம் பாகையளவு வெப்பம் வேண்டும். அதிற் பிளாஸ்டிக் உருகிவிடும். மையாயின், பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு இளஞ்சூட்டில் உலர்த்தலாம்; வளைத்தாலும் உடையாது.

இதற்கு வித்திட்டது ஒரு தவறு. யப்பானில் சிராக்காவாவின் ஆய்வுகூடத்தில் ஒருவர் ஊக்கியை ஆயிரம் மடங்கு மிகுதியாக இட்டுவிட, வெள்ளிபோல் மின்னும் பிளாஸ்டிக் படலம் பிறந்தது. 1977இல் அவரும் ஹீகர், மக்டயர்மிட் இருவரும் அதில் அயடீனை ஏற்ற, மின்கடத்துந் திறன் கோடி மடங்கு பெருகியது. மூவருக்கும் 2000இல் நோபல் பரிசு. இன்றைய ஒளியுணர் மைகள் பல அவ்வினத்தனவே.

2013இல் பிரித்தானிய, பிரெஞ்சு நிறுவனங்கள் இரண்டு, 8,930 ஒளிப்புள்ளிகளை உள்ளங்கையளவுத் தாளில் அடக்கிக் காட்டின. காற்றும் ஈரமுமே பகை. இறுக உறையிடாவிடில் அந்தக் கண் விரைவில் மங்கிப்போம்.