நேர்காணலில் நன்மதிப்பு

2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது திண்டுக்கல் பூட்டு. அதன் சிறப்பை மெருகு காட்டாது. சாவியை இட்டுத் திருப்பினால்தான் அறியலாம். பணிக்கென நேர்காணலுக்குச் செல்லும் இளைஞர்க்கும் இஃது ஒக்கும். தூய உடையும் காலந்தவறாமையும் வேண்டுவனவே. ஆயினும் அவை மெருகே.

1910-ஆம் ஆண்டில் கணித மேதை இராமானுசன், நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவைக் கண்டு உதவி வேண்டினார். மழிக்காத முகம், நைந்த குறிப்பேடு. ஒளிவீசும் கண்களே அவரிடம் தனித்துத் தோன்றின. ஏட்டிலிருந்தவை முதலில் ராவுக்கு விளங்கவில்லை. இராமானுசன் மனந்தளராது, எளியவற்றில் தொடங்கிப் படிப்படியாக அரியவற்றை விளக்கினார். ஆராய்ச்சியைத் தொடர்தற்கு உயிர்வாழப் போதிய சிறு பொருளே தமக்கு வேண்டும் என்று ஒளிவின்றி உரைத்தார். ராவ் மனமிசைந்து பொருளுதவி புரிந்தார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணியும் கிட்டியது.

ஆதலின், அறிந்ததைக் கேட்போர்க்கு விளங்க உரைத்தலும், வேண்டுவதை உண்மையாகக் கூறலுமே நன்மதிப்பைத் தேடித்தரும். தோற்றங்கண்டு தள்ளாது பொறுத்துக் கேட்டல் தேர்வாளர்தம் கடனாகும். அன்று ராவ் பொறுமை இழந்திருப்பின், உலகம் ஓர் அறிஞரை இழந்திருக்கவுங்கூடும் அன்றோ?