கொள்ளைநோயும் ஒரு கோமாளி டாக்டரும்

பாலாவின் ‘பரதேசி’ (2013) கடைசிக் காட்சியில் நானும் அழுதேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அழுது முடித்ததும் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

படத்துக்கு மூலம், பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’. டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். நாவலில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். ஏன் சாகிறார்கள் என்பதை அவர் விடுவதே இல்லை. மேஸ்திரி கொடுத்த முன்பணம், தீராத கடன், நெரிசலான லயம், அரைவயிற்றுச் சாப்பாடு, குளிர், படித்த டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி. கிருமி இந்த வரிசையில் கடைசியாகத்தான் வருகிறது. டாக்டர் ஆபிரகாம் வந்ததும் இந்த வரிசையைத்தான் எதிர்க்கிறார்.

படத்தில் அந்த டாக்டர் என்ன ஆனார்? மருந்தோடு மதத்தையும் விற்கிற, ஆடிப்பாடுகிற கோமாளி ஆனார்.

‘மதமாற்றம் நடக்கவே இல்லையா பாஸ்?’ என்று கேட்பீர்கள். நடந்தது. விமர்சிக்க வேண்டியதை விமர்சிக்கலாம், அதற்குத் தனியாக ஒரு பாத்திரம் வைத்திருக்கலாம். காரணம் கேட்கிற ஒரே ஆளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கோமாளியை வைத்ததுதான் என் பிரச்சினை. கேள்வி போனதும் கொள்ளைநோய் வெறும் விதி ஆகிவிடுகிறது. பார்வையாளன் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம்.

நான் இருப்பது மண்ணூரில். விடிவதற்குள் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாகப் போகும். உள்ளே அரைத்தூக்கத்தில் கான்ட்ராக்ட் பிள்ளைகள். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஐபோன் ஆலையில் வேலை பார்த்த பெண்களுக்கு விடுதிச் சாப்பாடு விஷமானது. 150க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ‘சாப்பாடு ஒத்துக்கல’ என்று அதோடு முடித்திருக்கலாம். அவர்கள் முடிக்கவிடவில்லை. ஒரு அறையில் எத்தனை பேர், குளியலறையில் தண்ணீர் வருகிறதா, சமையலறை எப்படி இருக்கிறது என்று எல்லாம் வெளியே வந்தது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது.

டேனியலின் நாவலை ஒரு வரிகூடப் படிக்காமல் அவர்கள் கேட்டது ஆபிரகாமின் கேள்வியை. நாவலைக் கையில் வைத்துக்கொண்டே படம் அதைக் கேட்க மறந்தது.

நாளைக்கு யாராவது அந்தப் பெண்களின் கதையை எடுக்க வந்தால் ஒன்றுதான் சொல்வேன்: எங்களை அழவையுங்கள், பரவாயில்லை. சமையலறைக் கதவை மட்டும் மூடிவிடாதீர்கள்.