கரைக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரம்

நிலநடுக்கம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லும் அறிவியல் உலகில் இன்னும் எங்கும் இல்லை. ஆனால், கடலுக்கடியில் நிலம் நடுங்கிய பிறகு எழும் ஆழிப்பேரலை தமிழகக் கரையை எத்தனை மணிக்குத் தொடும் என்பதை நிமிடக் கணக்கில் சொல்லிவிடலாம். 2004 டிசம்பர் 26 போன்ற ஒரு நாள் மீண்டும் வந்தால் நம் மக்கள் பிழைப்பார்களா என்பது இந்த வேறுபாட்டை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. எச்சரிக்கும் கருவிகள் வந்துவிட்டன. எச்சரிக்கையைக் கேட்டதும் மக்கள் எழுந்து ஓட வேண்டிய கரையை நாம் போதிய அளவு ஆயத்தப்படுத்தவில்லை.

இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்து, சுமத்ராவுக்கும் அந்தமானுக்கும் மேற்கே உள்ள சுந்தா அகழியில் பர்மா தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டே போகிறது. இரண்டும் உரசும் இடத்தில் பாறைகள் பூட்டிக்கொள்கின்றன. மேல்தட்டின் விளிம்பு கீழே இழுபட்டு, வளைத்துப் பிடித்த மூங்கிலைப் போல விசையைச் சேர்த்துவைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த விசை, பூட்டு விட்டுப்போகும்போது சில நிமிடங்களில் வெளிப்படுகிறது. 2004இல் அந்தப் பிளவு சுமத்ராவின் வடமேற்கில் தொடங்கி அந்தமானை நோக்கி ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு ஓடியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடல்தரை பல மீட்டர் மேலெழுந்ததில், அதன்மேல் நின்ற நீர் முழுவதும் அடியோடு தூக்கப்பட்டது.

காற்று கிளப்பும் அலையில் மேல்நீர் மட்டுமே அசையும். ஆழிப்பேரலையில் மேலிருந்து அடிவரை கடலே நகர்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கி.மீ. வேகத்தில் ஓடும் அந்த அலையின் உயரம் நடுக்கடலில் ஒரு மீட்டர்கூட இருப்பதில்லை. அன்று ஆழ்கடலில் தொழிலில் இருந்த மீனவர்கள் தங்கள் படகுக்கு அடியில் எது கடந்துபோனது என்பதை அறியாததற்குக் காரணம் இதுவே. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தணிகிறது. பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்கித் தள்ள, அலை உயர்ந்துகொண்டே வருகிறது.

அன்று நிலம் நடுங்கியது இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு. சிறிது நேரத்தில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்துக்குள் கடல் புகுந்தது. தமிழகக் கரையை அலை அடைந்தபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் பக்தர்கள், மெரினாவில் நடைப்பயிற்சி செய்வோர், குப்பங்களில் மீனுக்காகக் காத்திருந்த பெண்கள். யாருக்கும் ஒரு சொல் போய்ச் சேரவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர். இலங்கையில் 30,000க்கும் மேல். 14 நாடுகளில் மொத்தம் இரண்டேகால் லட்சத்துக்கும் அதிகமானோர். அலையை எழுப்பியது இயற்கைதான். இந்தியக் கரையிலும் இலங்கைக் கரையிலும் நேர்ந்த சாவுகளில் பெரும்பகுதிக்கு, அந்த இரண்டு மணி நேரத்தில் நிலவிய மௌனம் பொறுப்பேற்க வேண்டும்.

அந்த மௌனத்தை உடைத்த ஊர் ஒன்று உண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவக் கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்ததும் ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் நடத்திவந்தது. கடலின் அலை உயரம், காற்றின் வேகம் ஆகியவற்றை அன்றாடம் அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி இருந்தது. ஊர்க்காரர்கள் அந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்க, சுமார் 3,600 பேரும் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. அந்த ஒலிபெருக்கி விலை உயர்ந்த கருவி அல்ல. ஊர் தினமும் கேட்டுப் பழகிய குரல் அதிலிருந்து வந்தது என்பதே அதன் பலம்.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. கடலுக்கடியில் நிலம் நடுங்கிய சில நிமிடங்களில் அதன் இடத்தையும் அளவையும் கணித்து, ஆழ்கடல் அழுத்தமானிகளையும் கரையோர அலைமட்டக் கருவிகளையும் கொண்டு அலை எழுந்ததா என்று சரிபார்த்துச் சொல்லும் திறன் அதற்கு இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் நாடுகள் பலவற்றுக்கும் அது தகவல் தருகிறது. பாராட்ட வேண்டிய சாதனை. ஆனால், அந்தச் செய்தி மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைத் தொடுவதோடு வேலை முடிந்துவிடாது. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு குப்பத்தின் கடைசி வீட்டில் உறங்கும் மூதாட்டியை எழுப்புவது யார், அவரைத் தாங்கி நடப்பது யார், எந்தப் பாதையில், எந்தக் கட்டடத்துக்கு? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஊருக்கு ஊர் எழுதப்பட்ட, நடந்து பார்த்த பதில் வேண்டும்.

மக்கள் மனத்தில் பதிந்திருக்கும் ஓர் அரைகுறைப் பாடத்தையும் திருத்த வேண்டும். ‘கடல் உள்வாங்கினால் ஓடு’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். அது நல்ல பாடம்தான்; முழுப் பாடம் அல்ல. 2004இல் பிளவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலில் வற்றியது. மேற்கே இருந்த தமிழகத்தையும் இலங்கையையும் நோக்கி அலையின் முகடுதான் முதலில் வந்தது. உள்வாங்கல் அதற்குப் பின்புதான். நடுக்கமும் இங்கே லேசாகவே உணரப்படும். எனவே தமிழகக் கரையில் இயற்கை தரும் அறிகுறியை மட்டும் நம்பி நிற்க முடியாது. கடல் வற்றட்டும் என்று காத்திருப்பவர்கள் முதல் அலையிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். அதிகாரப்பூர்வ எச்சரிக்கை வந்தால் கடலைப் போய்ப் பார்க்காமல் வெளியேற வேண்டும் என்பதே நமக்கான முதல் விதி.

முதல் அலையோடு ஆபத்து ஓய்வதில்லை என்பது இரண்டாவது விதி. இலங்கையின் பெரலியவில் முதல் அலை வந்தபோது அங்கே நின்றிருந்த ரயிலைப் பாதுகாப்பான இடமென்று நம்பி ஊர்மக்களும் அதில் ஏறினார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டிப்போட்டது. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அலைகள் மணிக்கணக்கில் தொடரும். ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வரும்வரை யாரும் கரைக்குத் திரும்பக் கூடாது. ஆழ்கடலில் இருக்கும் படகுகளும் கரையை நோக்கி விரையக் கூடாது.

அடுத்தது வழி. நாகையின் கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை போன்ற ஊர்களுக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் ஆறு. வடக்கே பல குப்பங்களுக்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் கிடக்கின்றன. அலையிடமிருந்து ஓடுபவர்கள் நீரைக் கடந்தே மேட்டுக்குப் போக வேண்டும். இத்தகைய ஊர்களில் ஒரு பாலம் கூடுதலாக இருப்பதும் இல்லாததும் நூறு உயிர்களின் கணக்கு. பேரலைக்குப் பிறகு உலக வங்கி நிதியுதவியில் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது, மாடிப்படி திறந்திருக்கிறதா, மின்சாரம் இல்லாத இரவில் அங்கே விளக்கு எரியுமா என்பதை வெயில் காலத்திலேயே சோதித்துவைக்க வேண்டும்.

நாகையிலும் கடலூரிலும் அன்று ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள். ஆண்களில் பலர் கடலில் இருந்தார்கள். பெண்கள் கரையிலும் வீட்டிலும் குழந்தைகளோடு இருந்தார்கள். நீச்சல் தெரியாது, புடவை காலைத் தடுக்கியது. ஆகவே ஒத்திகை என்பது ஊர் நாட்டார்களையும் அதிகாரிகளையும் கூட்டிவைத்துப் படம் எடுத்துக்கொள்வதாக இருந்தால் பயனில்லை. மீன் விற்கும் பெண்களும், மகளிர் குழுக்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும் அதை முன்னின்று நடத்த வேண்டும். மீனவக் கிராமச் சிறுமிகளுக்கு நீச்சல் கற்றுத்தருவதும் பேரிடர்த் தயாரிப்பின் ஒரு பகுதியே.

கரையின் அமைப்பையும் நாம் பாழாக்கிக்கொண்டிருக்கிறோம். பிச்சாவரத்தில் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே முதன்மைக் காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இருதரப்பையும் ஏற்றுக்கொண்டாலும் கிடைக்கும் பாடம் ஒன்றே: தூரமும் உயரமும் உயிர் காக்கின்றன. மணல்மேடு இந்த உயரத்தைச் செலவில்லாமல் தருகிறது. இலங்கையின் யாலாவில், கடல் தெரிய வேண்டும் என்பதற்காக மணல்மேட்டை அகற்றிக் கட்டப்பட்ட விடுதி ஒன்று அடியோடு அழிந்தது. மேடு அப்படியே இருந்த இடங்களில் நீர் தடுக்கப்பட்டது.

இந்த அனுபவத்துக்குப் பிறகும் விதிகள் இறுகவில்லை, தளர்ந்திருக்கின்றன. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டுமானத் தடைப் பகுதியாக வைத்திருந்தது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. மீனவர்கள் கடலை ஒட்டி வாழ வேண்டியவர்கள். படகையும் வலையையும் விட்டு அவர்களை நெடுந்தூரம் தள்ளி வைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால், அவர்களுடைய நெருக்கமான குடியிருப்பைக் காரணம் காட்டிக் கிடைத்த தளர்வை விடுதிகளும் மனைத் தொழிலும் அனுபவிப்பது அநீதி. மீனவர் குடியிருப்புக்கு உரிமை, மற்றவருக்கு 200 மீட்டர் தடை, மணல்மேட்டில் எவருக்கும் அனுமதியில்லை என்று விதி திருத்தப்பட வேண்டும்.

நிக்கோபாரின் நிலை இன்னும் கடுமையானது. பிளவின் மேலேயே உள்ள அந்தத் தீவுகளுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்காது. நடுக்கமே அங்கே எச்சரிக்கை. 2004இல் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. அதே தீவின் கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகமும், தீவில் புதிய நகரமும் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறது மத்திய அரசு. லட்சக்கணக்கானோரை அங்கே குடியேற்றும் யோசனையைக் கைவிடுவதே அறிவுடைமை.

அடிக்கடி எச்சரித்தால் மக்கள் சலித்துப்போவார்கள் என்றொரு வாதம் உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை. அன்று சென்னையில் கடற்கரையைக் காலி செய்த மக்கள் ஏமாந்துபோனதாகக் கருத வேண்டியதில்லை. வர வேண்டிய நாளுக்கான பயிற்சியை அவர்கள் பெற்றார்கள். சலிப்புக்கு அஞ்சுவதைவிட மறதிக்கு அஞ்ச வேண்டும். இந்தோனேசியாவின் எச்சரிக்கை மிதவைகள் பராமரிப்பின்றி 2012 முதலே செயலிழந்திருந்ததாக 2018இல் அங்கே ஆழிப்பேரலை தாக்கியபோது அந்நாட்டு அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். அதே நாட்டின் சிமெயுலூ தீவில் 2004இல் எந்தக் கருவியும் இருக்கவில்லை. 1907இல் வந்த பேரலையின் கதையைப் பாட்டிமார் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004இல் நிலம் நடுங்கியதும் ஊரே மலைக்கு ஓடியது. ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர்.

ஒடிசா அந்த நினைவைத் திட்டமாக மாற்றியிருக்கிறது. அங்கே இரண்டு கிராமங்கள் 2020இல் யுனெஸ்கோவிடம் ‘ஆழிப்பேரலைக்குத் தயாரான ஊர்’ என்ற அங்கீகாரம் பெற்றன. 2024இல் மேலும் 24 ஊர்கள் சேர்ந்தன. அபாய வரைபடம், வழிகாட்டிப் பலகை, ஒத்திகை, ஊர்க்குழு ஆகியவை அதற்கான நிபந்தனைகள். பேரலையால் இந்தியாவில் வேறெந்த மாநிலத்தைவிடவும் அதிக உயிர்களை இழந்த தமிழகம் இதில் முன்னோடியாக இருந்திருக்க வேண்டும். 1,076 கி.மீ. கடற்கரையின் ஒவ்வொரு மீனவ ஊரையும் இந்தத் தகுதிக்குக் கொண்டுவர, நாகை, கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் தொடங்கி, காலக்கெடுவோடு ஒரு திட்டத்தை மாநில அரசு அறிவிக்க வேண்டும். அதற்கான நிதியை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று நினைவுத்தூண்களுக்கு மாலையிட்ட கையோடு, அதே ஊரில் சங்கொலி எழுப்பி, அமைச்சர்களும் ஆட்சியர்களும் மக்களோடு சேர்ந்து பாதுகாப்பு மையம்வரை நடந்து பார்க்கட்டும். எத்தனை நிமிடம் ஆனது என்பதை ஊர்மன்றத்தில் எழுதி வைக்கட்டும். அந்தக் கணக்கைத் தர முடியாத ஓர் ஊர்கூடக் கரையில் இருக்கக் கூடாது.